கைக் கசப்பு

அஞ்சோ மிளகாய் வாங்கும்போது வளைத்துப் பார்க்க வேண்டும். தோல் வார் போல வளைந்தால் இந்த வருஷத்துக் காய். முறிந்தால் பழையது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார் எர்மீனியா. கல்யாணமான புதிதில் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய், குவியலிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"வளைங்க மாப்ள. பொண்ணு பாக்குற மாதிரி பாக்காதீங்க, மாடு பாக்குற மாதிரி பாருங்க."

மிளகாய்க்காரி சிரித்தாள். நோஎமியும் சிரித்தாள். நோஎமி என் மனைவி.

மேடம், இந்த வழக்குக்காக எங்கள் வீட்டுப் பானையில் மிஞ்சிய மோலேக் குழம்பைப் புவெப்லா நகரத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன் நான் என்பதால் விஷம் கலந்திருப்பேன் என்று தோன்றியிருக்கும். அதில் ஒன்றும் கிடைக்காது. அஞ்சோ, முலாத்தோ, பசீயா என்று மூன்று காய்ந்த மிளகாய். எள், பாதாம், உலர்ந்த திராட்சை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் சாக்லேட். வான்கோழி வெந்த தண்ணீர். மூன்று மிளகாயிலும் காரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கறுப்பு நிறத்துக்கும் கனத்துக்கும் அடியில் கிடக்கும் இனிப்புக்கும்தான் அவற்றைப் போடுவது. பால்குடி மறந்த பிள்ளைகூடச் சாப்பிடும். அந்தப் பானையில் நான் எதையும் போட்டதில்லை. ருசி பார்த்தேன். அவ்வளவுதான்.

கூக்காவின் புகாரில், மாமியாரின் கையைப் பிடித்து நான் அடுப்பில் அழுத்தினேன் என்று இருக்கிறது. கூக்கா பக்கத்து வீட்டுக்காரி. அத்தையும் அவளும் ஒன்றாக வளர்ந்தவர்கள். நல்ல மனுஷி. ஆனால் அவள் சொல்வது தவறு. நான் அந்தக் கையைத் தொடவே இல்லை.

எங்கள் ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் மோலே இல்லாமல் பந்தி கிடையாது. மோலே என்றால் அத்தையின் கை. ஒரு பானைக்கு ஒரு கைதான் என்பது இங்கே சட்டம். ஆரம்பித்தவள்தான் முடிக்க வேண்டும். நடுவில் இன்னொருத்தி கரண்டியைத் தொட்டால் மோலே திரிந்துபோகும் என்பார்கள். அதைவிட முக்கியமான நம்பிக்கை ஒன்று உண்டு. மனத்தில் பாரம் உள்ளவள் கிண்டினால் மோலே கசக்கும். மிளகாய் கருகிய கசப்பு வேறு, இது வேறு. இதற்குக் கைக் கசப்பு என்று பெயர். அடுத்தவர் பெண்டாட்டியோ புருஷனோ சம்பந்தப்பட்ட விவகாரங்கள் எல்லாம் எங்கள் ஊரில் இப்படித்தான் வெளியே வந்தன. நான் படித்தவன், நம்பியதில்லை. அத்தை நம்பினார்.

போன வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு முந்தின நாள். முற்றத்தில் பெரிய பானை ஏறியிருந்தது. நோஎமிக்கு ஏழாம் மாதம். மிளகாய் வறுக்கும் இடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளி, விதையும் நரம்பும் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவளுக்குத் தலைவலி. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். காலும் முகமும் வீங்கியிருந்தன. வறுக்கிற புகைதான் காரணம் என்று பேச்சானது. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். பானை முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை கரண்டியை விடவில்லை. சாயங்காலம் நோஎமிக்கு வலிப்பு வந்தது. ரத்த அழுத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மத்தியானமே கொண்டுவந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். நோஎமி போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

மறுநாள் திருவிழாவில் அந்த மோலேயை யாரும் தொடவில்லை. நோஎமிக்காக ஒன்பது நாள் சொல்லும் நவநாள் ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு அத்தை புதிதாகச் செய்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோபம்கூட இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

நான் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். அத்தைக்கு வேறு பிள்ளை இல்லை. எனக்குப் போக இடம் இருந்தது, போகத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். அவருக்கு மட்டும் போகும்போது மூக்கையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. முதலில் மறைத்தார். ஒரு நாள் காலையில் திரிந்த பாலை மடமடவென்று குடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன, கெட்டுப்போச்சா?"

"ஆமா அத்தை."

"எனக்குத் தண்ணியும் ஒண்ணுதான், பாலும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான் மாப்ள. நாக்கு செத்துப்போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கூக்காகிட்ட சொன்னா குரங்குக்கும் தெரிஞ்சிடும்."

"சொல்ல மாட்டேன்."

"நீங்க எனக்கு நாக்கா இருங்க. படிச்ச பிள்ளை. பொய் சொல்ல மாட்டீங்க."

நான் சரி என்றேன்.

அதன்பின் வந்த முதல் விசேஷம், தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வீட்டு ஞானஸ்நானம். அத்தை எப்போதும்போலத்தான் செய்தார். மிளகாய் வறுக்க மூக்கு வேண்டும் என்பார்கள். அவருக்குக் கண்ணே போதுமாக இருந்தது. அஞ்சோவும் முலாத்தோவும் காய்ந்த பிறகு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிழித்து வெயிலில் பிடித்தால் அஞ்சோ சிவப்பாகத் தெரியும், முலாத்தோ காப்பி நிறம். சூட்டில் மேல்தோல் புடைத்து, உள்பக்கம் புகையிலை நிறத்துக்கு மாறும்போது எடுத்துவிடுவார். பிறகு சுடுநீரில் ஊறவைத்து, அம்மியில் அரைத்து, பன்றிக்கொழுப்பில் வதக்கி, மெதுவாகக் கிண்டுவார். மத்தியானம் ஆனதும் கரண்டி நுனியில் தொட்டு என்னிடம் நீட்டினார்.

நான் ருசி பார்த்தேன். அப்படி ஒரு மோலேயை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. மேடம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறை என்று ஒன்றுமே இல்லை.

"எப்படி இருக்கு?"

"கசக்குது, அத்தை" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. சொன்ன பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அதுவரை நான் செத்துப்போயிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"கருகலா?"

"இல்ல. வேற மாதிரி."

வேற மாதிரி என்பது என்னவென்று அவருக்குத் தெரியும். வேறு செய்ய நேரமில்லை. அதையே அனுப்பினார். ஞானஸ்நான வீட்டிலிருந்து பானை வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. கூக்கா கையில் மிச்சத்தோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"ஏன்டி எர்மீனியா, என்னத்தடி போட்ட? நாக்குல பட்டதும் செத்த என் புருஷன் ஞாபகம் வந்துட்டுது. அவன்கூட இவ்வளவு ருசியா இருந்ததில்ல."

"சும்மா சொல்லாத."

"ஆமா, உன் மோலேயைப் புகழ்ந்து எனக்குச் சொத்து எழுதப்போற பாரு. கோயில்பிள்ளை ரெண்டாந்தரம் வந்து நின்னான். அந்த மனுஷன் பூசையில அப்பம் வாங்கக்கூட ரெண்டாந்தரம் நிக்க மாட்டான்."

அவள் போன பிறகு அத்தை என்னைப் பார்த்தார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையப் பறிகொடுத்த தாய்கிட்ட வேற என்ன சொல்வாங்க, அத்தை" என்றேன்.

அதன்பின் நான் அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. யார் புகழ்ந்தாலும் அவருக்கு அது பரிதாபமாகவே கேட்டது. அதிகம் புகழ்ந்தால் அதிகப் பரிதாபம். நான் மட்டும்தான் உண்மை சொல்கிறேன் என்று கூக்காவிடமே சொல்லியிருக்கிறார். ஒருமுறை எனக்குத் தெரியாமல் ஒரு சட்டி மோலேயைப் பின்கட்டில் பன்றிக்கு வைத்துப் பார்த்தார். பன்றி சட்டியை நக்கிக் கவிழ்த்துவிட்டது. ஓடி வந்து சொன்னார், சின்னப் பெண் மாதிரி.

"முழுக்கத் தின்னுடுச்சு மாப்ள."

"பன்னி எத வேணா திங்கும், அத்தை."

அவர் மறுபடி மறுபடி செய்து பார்த்தார். நரம்பை இன்னும் சுத்தமாக எடுத்தார். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டார். பசீயாவைக் குறைத்தார், திராட்சையைக் கூட்டினார். ஒவ்வொரு முறையும் கரண்டியை நீட்டிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார். என் தொண்டை அசைவதைப் பார்ப்பார். கசக்குது, அத்தை. கொட்டிடுங்க என்பார். நான் பானையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, சோளரொட்டியைத் தொட்டு முழுவதும் சாப்பிடுவேன். அந்த வருஷம் எனக்கு உடம்பு போட்டது. பள்ளிக்கூடத்தில்கூடக் கேட்டார்கள்.

அவர் இளைத்தார். ருசி தெரியாதவருக்குச் சாப்பாடு ஏற்கனவே கடமைதான். இப்போது தன் கையால் செய்த எதையும் தின்ன மாட்டேன் என்றார். விசேஷத்துக்கு அழைக்க வந்தவர்களைக் கையில் வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வலி இல்லை. ஏற்கனவே சர்க்கரை வந்த உடம்பு. உள்ளங்கையில் சூடு பட்டாலும் தாமதமாகத்தான் தெரியும் அவருக்கு.

ஒரு நாள் சோளம் உதிர்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் கரண்டிய விட்டிருந்தா அவ பொழச்சிருப்பால்ல?"

"இப்ப அதப் பேசி என்ன அத்தை?"

"சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

"பொழச்சிருப்பா" என்றேன்.

அது பொய் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

நோஎமியின் வருஷப் பூசை வந்தது. அதற்கு மட்டும் தானே செய்வேன் என்றார். எம்பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை நல்லபடியா செஞ்சு வெச்சுட்டு விட்டுடறேன் என்று கூக்காவிடம் சொல்லியிருக்கிறார். வறுப்பதற்குப் புது கொமால் வாங்கினார். கொமால் என்பது அடுப்பின்மேல் வைக்கும் அகலமான மண் ஓடு. புதிய ஓட்டைச் சும்மா வைத்தால் மண்கசப்பு ஏறும். சுண்ணாம்பைக் கரைத்து மேலே பூசி, காய்ந்ததும் நல்ல நெருப்பில் சுட்டுப் பழக்க வேண்டும். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அத்தையும் செய்தார். சுண்ணாம்புச் சட்டி அடுப்பங்கரையிலேயே இருந்தது.

பூசைக்கு முந்தின நாள் காலையிலேயே மோலே முடிந்துவிட்டது. கரண்டியை நீட்டினார். நான் இதுவரை சாப்பிட்டதிலேயே அதுதான் சிறந்தது. நாக்கில் வைத்ததும் கண் கலங்கியது. அத்தை அதைப் பார்த்துவிட்டார். கசப்பால் கலங்கியது என்று நினைத்துக்கொண்டார்.

"கசக்குதா?"

"கசக்குது, அத்தை."

அவர் கொட்டச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். கொமால் வெறுமனே காய்ந்துகொண்டிருந்தது.

"புது ஓடுகூட சுண்ணாம்பு பூசிச் சுட்டா சரியாயிடுது. கைக்கு அப்படி ஒண்ணும் கெடயாதா மாப்ள?"

"எனக்கு இதெல்லாம் தெரியாது அத்தை. செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

வகுப்பிலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அவர் வலது உள்ளங்கையில் சுண்ணாம்பைப் பூசினார். நிதானமாக, விரல் இடுக்கு உட்பட. காய்வதற்காக ஊதினார். பிறகு கொமாலின்மேல் வைத்து, அஞ்சோ மிளகாயை விரித்து அழுத்துவதுபோல அழுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. கொஞ்ச நேரம் கழித்து உடம்பு உதறியது. இடது கையால் அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தார். பானையைக் கிண்டும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"போதுமா மாப்ள?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

வாசனை வந்தது. மிளகாயாக இருந்தால் அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். அவருக்கு வாசனை தெரியாது. எனக்குத் தெரிந்தது.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம், அத்தை."

பிறகு போதும் என்றேன். உடனே எடுத்துவிட்டார். நான் சொல்லும்வரை எடுக்கவில்லை. நான் தொடவில்லை என்று சொன்னது இதைத்தான்.

அந்தக் கையாலேயே கரண்டியைப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. மணிக்கட்டில் அணைத்துப் பிடித்து, பானையை ஒரு சுற்றுச் சுற்றினார். தொட்டு நீட்டினார். கரண்டி என் பல்லில் தட்டியது. அதே மோலேதான். ஒன்றும் மாறியிருக்கவில்லை.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அத்தை" என்றேன்.

சிரித்தார். நோஎமி போன பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கழுவ வேண்டாம், சுண்ணாம்பு வேலை செய்யட்டும் என்றார். நான் சரி என்றேன். துணி சுற்றிக் கட்டிவிட்டேன். ஆமாம், அப்போது தொட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் பூசை முடிந்து ஊரே வந்து சாப்பிட்டது. அத்தை கையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார். தட்டை ரொட்டியால் துடைப்பதைப் பார்த்தார். அன்றைக்கு அவர்களைக் கொஞ்சம் நம்பினார் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை உடம்பில் புண் ஆறாது. அவர் யாரிடமும் காட்டவில்லை. இன்னும் குறையும், இன்னும் குறையும் என்று துணியை அவிழ்க்காமலே இருந்தார். காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் கூக்கா துணியைப் பிரித்துப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடியது. அதே ஆஸ்பத்திரி. சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே மறுபடியும் சொன்னார்கள். கையை எடுத்தார்கள். அதற்குமேல் அவர் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். பல மாதங்களாக நல்ல மோலேயைக் கசக்கிறது என்று சொன்னேன். அவர் கை வேகும்போது இன்னும் கொஞ்சம் என்று சொன்னேன். அவரை நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு நியாயம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பெற்ற மகள் உள்ளே செத்துக்கொண்டிருக்க, வெளியே பானையைக் கிண்டிக்கொண்டிருந்தவர் அவர்.

கூக்கா இன்னொன்றும் சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். நோஎமிக்கு வலிப்பு வந்த அன்றைக்கு மத்தியானம் அவள் முற்றத்தில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும். நான் மறுக்கவில்லை. அத்தை கையில் கரண்டியோடு நான் இருந்த அறைக்கு வந்தார். மோலே சொட்டியது. தாளில் பட்டுவிடப் போகிறது என்று நான் தாள்களை நகர்த்தினேன்.

"மாப்ள, அவ மூஞ்சி வீங்கிக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு. பானை கெடந்தா கெடக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"மிளகாய்ப் புகை அத்தை, வேற ஒண்ணும் இல்ல. படுத்தா சரியாயிடும். நீங்க போய்க் கிண்டுங்க. அடி பிடிச்சா ஊரே சிரிக்கும்."

கதவுக்குப் பின்னால் நோஎமியும் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, அப்படியா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் சொல்வதை மறுபேச்சில்லாமல் நம்புவது அந்தக் குடும்பத்துப் பெண்களின் பழக்கம், மேடம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.